பட்டியல்களுக்கு எதிராக ஒரு பரிந்துரை

‘பார்த்தே ஆகவேண்டிய பத்து அறிவியல் புனைவுத் தொடர்கள்’ என்னும் வகையிலான பட்டியல்கள் இலக்கிய வாசகர்களிடையேகூடக் கைமாறிக்கொண்டிருக்கின்றன. பத்துப் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு மதிப்பெண், அருகில் ‘விறுவிறுப்பு’, ‘பிரமாண்டம்’, ‘எதிர்பாராத திருப்பம்’ என்று ஏதேனும் ஒரு சொல். ஒரு நாவலை இப்படிப் பரிந்துரைத்தால் முகம் சுளிக்கும் நாம், தொலைக்காட்சித் தொடர் என்றதும் இந்த அளவுகோலே போதும் என்று ஒப்புக்கொள்கிறோம். மறுபுறம், தொலைக்காட்சி என்றாலே மாமியார் மருமகள் சண்டை, அறிவியல் புனைவு என்றாலே சிறுவர் கதை என்று தீர்ப்பெழுதிப் பார்க்காமலேயே ஒதுக்குகிறவர்களும் நம்மிடையே உண்டு. இவ்விரு தரப்பும் ஒரே நிலத்தில் நிற்பவை என்பதே என் வாதம். இத்தொடர்களுக்கு நம்மிடம் சொல்வதற்கென்று எதுவும் இல்லை என இரு தரப்புமே நம்புகின்றன. ஒரு தரப்பு அதை ரசிக்கிறது, மற்றது இகழ்கிறது.

ராட் ஸெர்லிங்கை எடுத்துக்கொள்வோம். 1955இல் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் கொல்லப்பட்டான். குற்றம் சாட்டப்பட்ட இரு வெள்ளையரையும் வெள்ளையர் மட்டுமே கொண்ட ஜூரி விடுவித்தது. அந்நிகழ்வின் உந்துதலில் ஸெர்லிங் எழுதிய தொலைக்காட்சி நாடகம் 1956இல் ஒளிபரப்பானபோது, விளம்பரதாரரின் அச்சத்தால் அது உருத்தெரியாமல் சிதைக்கப்பட்டிருந்தது. கதைக்களம் வடகிழக்கே நியூ இங்கிலாந்துக்கு நகர்ந்தது. கொலையுண்டவர் ஏதோ ஓர் அயல்நாட்டவர் ஆனார். தென்மாநிலங்களை நினைவூட்டும் என்று கோகோ கோலா பாட்டில்கள்கூடக் காட்சியிலிருந்து அகற்றப்பட்டன. 1958இல் அதே கருவை மீண்டும் எழுதினார். அதுவும் பழைய மேற்கத்திய ஊர் ஒன்றுக்குப் பெயர்த்து வைக்கப்பட்டது. 1959இல் மைக் வாலஸுக்கு அளித்த நேர்காணலில், இனிச் சண்டையிடப்போவதில்லை என்றே அவர் பேசினார்.

அதே ஆண்டு தொடங்கியதுதான் ‘ட்விலைட் ஸோன்’. 1964 வரை 156 அத்தியாயங்கள். அவற்றில் 92 ஸெர்லிங்கே எழுதியவை. 1960இல் வந்த ‘மேப்பிள் தெரு’ அத்தியாயத்தில் ஓர் அமைதியான தெருவில் மின்சாரம் நின்றுபோகிறது. வேற்றுக்கிரகவாசிகள் மனித உருவில் முன்கூட்டியே வந்திருப்பார்கள் என்று ஒரு சிறுவன் தான் படித்த கதையைச் சொல்கிறான். அவ்வளவுதான். இரவில் உறங்காமல் வானத்தைப் பார்த்தவர், வீட்டில் வானொலிக் கருவி செய்தவர் என ஒவ்வொருவராகச் சந்தேகத்துக்கு உள்ளாகிறார்கள். இருளில் நடந்து வந்த அண்டை வீட்டுக்காரரைச் சுட்டுக் கொல்கிறார்கள். குன்றின் மேலிருந்து உண்மையான வேற்றுக்கிரகவாசிகள் இதை வேடிக்கை பார்க்கிறார்கள். விளக்குகளை அணைத்தது தவிர அவர்கள் அதிகமாக எதுவும் செய்யவேண்டியிருக்கவில்லை. வெளிப்படையாகச் சொல்ல அனுமதிக்கப்படாத ஒன்றை விளம்பரதாரர் இம்முறை தடுக்கவில்லை. அவருக்கு அது வெறும் வேற்றுக்கிரகக் கதை.

முடிவைச் சொல்லிவிட்டேனே என்று சினப்பவர்களுக்கு ஒரு சொல். துரியோதனன் வீழ்வான் என்று நன்கறிந்தே பதினெட்டாம் போர் கூத்தைப் பார்க்க விடிய விடிய விழித்திருக்கும் மரபு நம்முடையது. முடிவு தெரிந்தால் செத்துவிடும் கதை முன்பும் உயிரோடு இருந்ததில்லை. 2004 முதல் 2010 வரை ஓடிய ‘லாஸ்ட்’ இதற்குச் சான்று. ஒரு புதிருக்கு மேல் இன்னொரு புதிரை அடுக்கியே ஆறு பருவங்களைக் கடத்திய அத்தொடரைப் பட்டியல்காரர்கள் இன்றும் முன்வைக்கிறார்கள். அதை இரண்டாம் முறை பார்க்கச் சொன்னால் எத்தனை பேர் முன்வருவர்?

எனினும் ஸெர்லிங்கைக் காட்டி, ‘அறிவியல் புனைவு என்பது அரசியலுக்கு இட்ட முகமூடி, அதனால் மதிப்புடையது’ என்று வாதாடுவோரோடும் நான் சேரமாட்டேன். முகமூடியைக் கழற்றியதும் கதை தேவையற்றதாகிவிடும் என்றால் நேரடியாகக் கட்டுரை எழுதிவிடலாமே. நல்ல அறிவியல் புனைவு பார்வையாளனின் இடத்தையே மாற்றி வைக்கிறது. 2004இல் தொடங்கி 2009இல் முடிந்த ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ அதைத்தான் செய்தது. அதன் முதல் அத்தியாயமான ‘33’இல், 33 நிமிடத்துக்கு ஒருமுறை எதிரி தாக்குகிறான், ஐந்து நாட்களாக யாரும் உறங்கவில்லை. 1,345 பேர் பயணிக்கும் கப்பல் ஒன்று எதிரியின் கருவியாகியிருக்கலாம் என்ற ஐயத்தில் அதைத் தகர்க்க ஆணையிடப்படுகிறது. மிஞ்சியவர்களின் எண்ணிக்கையைப் பலகையில் எழுதிவரும் தலைவி, இறுதியில் ஒரு குழந்தை பிறந்த செய்தி கேட்டு ஒன்றைக் கூட்டுகிறாள்.

2006 அக்டோபரில் மூன்றாம் பருவம் தொடங்கியபோது ஈராக்கை ஆக்கிரமித்திருந்தது அமெரிக்கப் படை. தொடரிலோ ஆக்கிரமிக்கப்பட்டவர்கள் நாம் இரண்டு பருவங்களாக நேசித்த மனிதர்கள். அவர்களே தற்கொலைத் தாக்குதலுக்கு ஆளனுப்புகிறார்கள். அதை நியாயம் என்றும் தொடர் சொல்லவில்லை. கண்டித்து நம்மை ஆறுதல்படுத்தவும் இல்லை. அமெரிக்கப் பார்வையாளன் செய்தியில் அஞ்சிய மனிதனின் இடத்தில் அவனையே அமர்த்தியது. செய்தியறிக்கையாலோ கட்டுரையாலோ இது இயலாது. இறுதி அத்தியாயம் சிக்கல்களைக் கடவுளின் கையில் ஒப்படைத்துத் தப்பித்தது உண்மைதான். அதற்காக இந்த அத்தியாயங்களை இழக்க நான் தயாரில்லை.

அதே 2006 இலையுதிர் காலத்தில் ‘தி வயர்’ தொடரின் நான்காம் பருவமும் ஒளிபரப்பானது. இது அறிவியல் புனைவன்று. பால்டிமோர் நகரின் பத்திரிகையாளராக இருந்த டேவிட் சைமனும், துப்பறிவாளராக இருந்து பின்னர் ஆசிரியரான எட் பர்ன்ஸும் உருவாக்கியது. அதில் காவல்துறையை விட்டுப் பள்ளிக்கு வந்த ஓர் ஆசிரியர், குற்றக் கணக்கைத் திருத்திய அதே கைத்திறனே தேர்வு மதிப்பெண்ணிலும் நடப்பதைக் கண்டுகொள்கிறார். மதிப்பீட்டுக் குழுவின் வருகைக்காக இரவு பகலாகக் கோப்புகள் ஜோடித்த எந்த ஆசிரியருக்கும் அக்காட்சிக்கு உரை தேவைப்படாது.

எனவே என் பரிந்துரையும் வரிசையும் இவை. முதலில் அரைமணி நேரத்தில் முடிந்துவிடும் ‘மேப்பிள் தெரு’. அடுத்து, முன்கதையான 2003ஆம் ஆண்டுக் குறுந்தொடரோடு சேர்த்து ‘33’. பிறகு ‘தி வயர்’, முதல் பருவத்திலிருந்து, பொறுமையாக. மதிப்பெண் தரமாட்டேன். இனி யாரேனும் ஒரு தொடரைப் பார்க்கச் சொன்னால், அது உங்களை யாருடைய இடத்தில் அமர்த்தியது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் பட்டியலைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.