அறுவை அரங்குக்கு ஓராண்டு போதுமா?

திருநெல்வேலி பேட்டையில் அரசு தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. இத்தகைய நிலையங்களில் ஃபிட்டர் பிரிவில் சேரும் மாணவர், இரும்பை அளக்கவும் அராவவும் இரண்டு ஆண்டுகள் கற்கிறார். பேட்டையில் பேருந்து ஏறி, டவுனையும் ஜங்ஷனையும் கடந்து, சுலோசன முதலியார் பாலத்தின் வழியே தாமிரபரணியைத் தாண்டினால், பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இதுபோன்ற மருத்துவமனைகளில் அறுவை அரங்க உதவியாளராக, பிளஸ் டூவுக்குப் பின் ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பே தகுதியாகக் கேட்கப்பட்டு வந்திருக்கிறது. இந்தக் கணக்கு எனக்கு நெடுநாளாக உறுத்தலாக இருக்கிறது.

‘தியேட்டர் அசிஸ்டென்ட்’ என்றால் ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர் என்றே வெளியில் நினைக்கிறார்கள். மயக்கத்தில் இருக்கும் நோயாளி ‘கை வலிக்கிறது’ என்று சொல்ல முடியாது. அவருடைய முழங்கை மேசை விளிம்பில் நெடுநேரம் அழுந்தினால் நரம்பு பாதிக்கப்பட்டு, விழித்தெழும்போது சுண்டுவிரல் மரத்துப்போயிருக்கலாம். மின்கத்திக்கான தகடு தோலோடு சரியாக ஒட்டாவிட்டால் அந்த இடம் வெந்துபோகும். ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸ் நீராவி குறைந்தது 15 நிமிடமாவது கருவிகளில் படவேண்டும். பொதியின் மேல் ஒட்டிய நாடா நிறம் மாறினால் வெப்பம் பட்டது என்றுதான் பொருள். உள்ளே கிருமிகள் அழிந்தன என்பதற்கு அது சான்றாகாது. இந்த வேறுபாட்டை அறிந்த ஒருவர் அந்த அறையில் இருந்தாக வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் 19 அம்சங்கள் கொண்ட அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதைப் பின்பற்றிப் பார்த்தபோது, அறுவைக்குப் பிந்தைய இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்ததாக 2009-இல் வெளியான ஆய்வு கூறியது. கத்தி வைக்கும் முன் அறையில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் சொல்ல வேண்டும் என்பது அதில் ஓர் அம்சம். நம் ஊரிலோ உதவியாளர் பெரும்பாலும் வெறும் ‘தம்பி’தான். பெயர்கூடக் கேட்கப்படாத அந்தத் தம்பி, ‘டாக்டர், கொஞ்சம் பொறுங்கள், தகடு விலகியிருக்கிறது’ என்று எந்தத் துணிவில் சொல்வார்?

2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய துணை மற்றும் சுகாதாரத் தொழில்முறையினர் ஆணையச் சட்டம், துணைச் சுகாதாரத் தொழில்முறையினருக்கு இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பை வரையறுக்கிறது. ஓராண்டுச் சான்றிதழ் அந்த வரம்பை எட்டாது.

படிப்பை நீட்டினால் ஏழைப் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்ற எதிர்வாதம் புறந்தள்ளக் கூடியதல்ல. பீடி சுற்றி மகனைப் படிக்கவைக்கும் தாய்க்கு இன்னோர் ஆண்டு என்பது பெருஞ்சுமை. அதற்கு விடை உதவித்தொகை; படிப்பைக் குறுக்குவது அல்ல. ஏற்கெனவே பணியில் இருப்பவர்களுக்கு, ஊதியத்துடன் கூடிய இணைப்புப் பயிற்சியை அவர்கள் வேலை பார்க்கும் மருத்துவக் கல்லூரியிலேயே நடத்தலாம்.

நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. தகுதி உயர்ந்தால் சம்பளமும் உயரும் என்பதால், அதே வேலையை ஒப்பந்த நிறுவனம் வழியாக வரும் ‘பல்நோக்குப் பணியாளர்’ தலையில் கட்டும் வழி திறந்தே கிடக்கிறது. அரங்கினுள் நோயாளியையும் கருவியையும் தொடுபவர் எந்தப் பெயரில் நியமிக்கப்பட்டாலும் இந்தத் தகுதி பொருந்தும் என்று தமிழக அரசு ஆணையிட்டு, அந்த வழியை முதலில் அடைக்க வேண்டும்.