பல் பிடுங்கிய மறுநாளே கூடை தூக்கவா?

முகத்துவாரத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, கொழும்பு தேசிய பல் வைத்தியசாலையில் வாயில் சத்திரசிகிச்சை செய்துகொண்டு வருகிறோம். சிகிச்சை இலவசம், ஓய்வுக்குத்தான் விலை. பேர் போய்விடுமே என்று மறுநாளே கொழுந்து மலைக்கு ஏறுகிறோம். பாரம் தூக்கினால் மீண்டும் இரத்தம் கசியும்.

பிரஷர், சீனி வருத்தத்துக்குக் குடிக்கும் மருந்துகளை வைத்தியரிடம் முன்பே சொல்வோம். முதல் 24 மணித்தியாலம் வாய் கொப்பளிக்காமல், காறித் துப்பாமல் இருப்போம்; பிறகு இளஞ்சூட்டு உப்புத் தண்ணீர், குழைந்த சோறு. வெற்றிலை, பாக்கு, புகையிலையை அத்தோடு விட்டுவிடுவோம். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயே. இரண்டு கிழமையில் ஆறாத புண்ணைக் கட்டாயம் காட்டுவோம்.

நம் பங்கை நாம் செய்வோம். வைத்தியர் எழுதித் தரும் ஓய்வு நாட்களுக்குத் தோட்ட நிர்வாகம் பேர் போடட்டும். நாம் கேட்பது சலுகையல்ல, நியாயம்.