இமயத்தின் நீண்ட அமைதி

செங்கல் ஒன்றை எடுத்துச் சிமெண்டுத் தரையில் வையுங்கள். அதைச் சுற்றிக் கயிறு கட்டி, கயிற்றின் நுனியில் பழைய சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய நீளமான ரப்பர் பட்டையை முடிந்துகொள்ளுங்கள். பட்டையின் மறுமுனையைப் பிடித்து, ஒரே சீராக, மிக மெதுவாக இழுங்கள். உங்கள் கை நகர்ந்துகொண்டே இருக்கும், செங்கல் நகராது. பட்டை நீளும், இன்னும் நீளும். திடீரென்று செங்கல் ஒரு தாவு தாவி, மீண்டும் நின்றுவிடும்.

எங்கள் கல்லூரிச் சோதனைச்சாலையில் ஆண்டுதோறும் நான் இதைச் செய்து காட்டுவதுண்டு. பத்துத் தாவல்களின் நேரத்தைக் குறித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பதினோராவது எப்போது வரும் என்று கேட்பேன். சரியாகச் சொன்னவர்கள் மிகச் சிலர். அவர்களும் அடுத்த முறை தோற்றுப் போனார்கள். கை சீராகத்தான் இழுக்கிறது. ஆனால் தரையின் சொரசொரப்பு இடத்துக்கு இடம் மாறுகிறது. முந்தைய தாவலில் பட்டை முழுவதும் தளர்ந்ததா, பாதிதான் தளர்ந்ததா என்பதும் ஒவ்வொரு முறையும் வேறு.

சென்ற ஆண்டு இந்தச் சோதனை முடிந்ததும், பழனிசெட்டிபட்டியிலிருந்து வரும் மாணவன் ஒருவன் தயங்கியபடி என் மேசைக்கு வந்தான். அவனுடைய அண்ணன் டேராடூனில் வேலை பார்க்கிறார். "இமயமலையில் பெரிய பூகம்பம் வரவேண்டிய காலம் தாண்டிவிட்டது என்று பேப்பரில் போட்டிருக்கிறது, சார். அண்ணனை ஊருக்கு வந்துவிடச் சொல்லட்டுமா?" என்றான்.

அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். இமயத்தில் நம் கைக்குச் சமமானது இந்தியத் தட்டு. அது வடக்கே நகர்ந்து மலைக்கு அடியில் நுழையப் பார்க்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2 செ.மீ. நுழைய வேண்டும், உங்கள் கைவிரல் நகம் வளர்வதைவிட மெதுவான வேகம் இது. ஆனால் உராய்வு பிடித்துக்கொள்வதால் பாறைகள் வழுக்காமல், ரப்பர் பட்டையைப் போல இறுகிக்கொண்டே போகின்றன. இதை ஜி.பி.எஸ். கருவிகள் அளந்து காட்டியிருக்கின்றன.

1905 ஏப்ரல் 4-இல் காங்ராவில் இந்த இறுக்கம் அவிழ்ந்தது. சுமார் 20,000 பேர் மாண்டனர். 1934 ஜனவரி 15-இல் பீகார், நேபாளப் பகுதியில் அவிழ்ந்தது. இவ்விரண்டுக்கும் இடையில் டேராடூனிலிருந்து மேற்கு நேபாளம் வரை உள்ள பகுதியில் கடைசியாக வந்த மாபெரும் பூகம்பம் 1505-ஆம் ஆண்டினது என்று கருதப்படுகிறது. 1803-இல் கட்வாலில் ஒரு பெரிய அதிர்ச்சி வந்தது உண்மை. ஆனால் சேர்ந்ததையெல்லாம் செலவழிக்க அது போதாது என்பது பலரின் கருத்து. நீங்களே கணக்கிடுங்கள்: 500 ஆண்டு, ஆண்டுக்கு 2 செ.மீ. பத்து மீட்டர்!

"சின்னச் சின்ன பூகம்பங்கள் வந்து இறுக்கத்தைக் குறைத்துவிடாதா?" என்று கேட்பீர்கள். பூகம்ப அளவில் ஒரு படி ஏறினால் ஆற்றல் சுமார் 32 மடங்கு. இரண்டு படி ஏறினால் ஆயிரம் மடங்கு. 1991-இல் உத்தரகாசியை உலுக்கியது 6.8 அளவு. 8.8 அளவுள்ள ஒன்றுக்கு ஈடுகட்ட, அதைப் போல ஆயிரம் வரவேண்டும்! 2015-இல் நேபாளத்தில் ஏறத்தாழ 9,000 பேரைப் பலிகொண்ட 7.8 அளவுப் பூகம்பம்கூட இந்த இடைவெளிக்குக் கிழக்கேதான் பிளந்தது.

ஆகவே ஆபத்து மெய். ஆனால் 'காலம் தாண்டிவிட்டது' என்ற பேச்சை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கம்பம் பஸ் நேரத்துக்கு வராவிட்டால் அப்படிச் சொல்லலாம். அதற்குக் கால அட்டவணை உண்டு. பூகம்பத்துக்கு ஏது? கலிபோர்னியாவில் பார்க்ஃபீல்டு என்ற சிற்றூரில் 1857, 1881, 1901, 1922, 1934, 1966 ஆகிய ஆண்டுகளில் ஒரே மாதிரியான பூகம்பங்கள் வந்தன. சராசரி 22 ஆண்டு. அடுத்தது 1993-க்குள் வந்தே தீரும் என்று அறிஞர்கள் கருவிகளை நட்டுக் காத்திருந்தார்கள். அது 2004 செப்டம்பர் 28-இல் வந்தது. அத்தனை ஒழுங்காகத் தோன்றிய இடத்திலேயே இப்படி என்றால், 500 ஆண்டு அமைதியை வைத்துக்கொண்டு தேதி சொல்பவரை என்னவென்பது?

இதற்கு நேர்மாறான தவறு ஒன்று நம் ஊரில் உண்டு. "நம் பக்கம் கெட்டிப் பாறை, இங்கெல்லாம் வராது" என்பார்கள். மகாராஷ்டிரத்தின் கில்லாரியிலும் அப்படித்தான் நம்பினார்கள். அன்றைய வரைபடம் அதை மிகக் குறைந்த ஆபத்துள்ள வட்டாரமாகவே காட்டியது. 1993 செப்டம்பர் 30 விடியுமுன், 6.2 அளவுப் பூகம்பத்தில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர், தங்கள் வீட்டுக் கற்சுவர்களின் அடியிலேயே மாண்டார்கள். தட்டின் நடுப்பகுதியில் இறுக்கம் மிக மெதுவாகச் சேர்வதால், மனித நினைவைவிட அமைதி நீண்டுவிடுகிறது; அவ்வளவுதான். 1900 பிப்ரவரி 8-இல் கோயம்புத்தூர் சுமார் 6 அளவில் அதிர்ந்ததை இன்று யார் நினைவு வைத்திருக்கிறார்கள்? நமக்கு மேற்கே, மலைக்கு அப்பால், 2000 டிசம்பர் 12-இல் 5 அளவில் ஒன்று வந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் வீடு கட்டுகிறவர்கள் கதவு, ஜன்னல்களுக்கு மேல் போடும் லிண்டல் கான்கிரீட்டைத் துண்டு துண்டாக விடாமல், எல்லாச் சுவர்களையும் சுற்றிப் பட்டையாக ஓட்டினால் என்ன? கூடுதல் செலவு அதிகமில்லை.

மாணவனிடம், "அண்ணனை ஊருக்குக் கூப்பிடாதே, அவர் குடியிருக்கும் வீடு எப்படிப்பட்டது என்று கேள்" என்றேன். சரிவில் நிற்கிறதா? தூண்களும் உத்தரங்களும் சரியாகப் பிணைந்திருக்கின்றனவா? கீழ்த்தளத்தில் சுவர் உண்டா? 2001 குஜராத் பூகம்பத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்திலேயே, வண்டி நிறுத்துவதற்காகக் கீழே தூண்களை மட்டும் வைத்துக் கட்டிய மாடி வீடுகள் பல உட்கார்ந்துவிட்டன.

இரண்டு வாரம் கழித்து அவன் வந்தான். அண்ணன் இருப்பது நான்கு மாடிக் கட்டடம். கீழே சுவரில்லை, தூண்கள்தான். வேறு வீடு பார்த்துக்கொண்டிருக்கிறாராம். வாடகைதான் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிறார்களாம்.