துளையை அளந்தவர்கள்

2016 ஆயுத விதிகளைப் பற்றி மறுபடியும் எழுதுவது நமக்கே சலிப்பாகத்தான் இருக்கிறது. வாசகர்களுக்குக் கணக்கு மனப்பாடம்: ஆற்றல் 20 ஜூல், குழலின் துளை 4.5 மில்லிமீட்டர். இரண்டில் ஒன்றைத் தாண்டினாலும் காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும், தாண்டாவிட்டால் வேண்டாம்.

கொக்கைச் சுட்டு வீழ்த்தும் ஈயக் குண்டு 4.5 மி.மீ. அதற்குக் கேள்வியில்லை. ஏர்சாஃப்ட் பிஸ்டல் துப்புவது 6 மி.மீ. பிளாஸ்டிக் உருண்டை, ஆற்றல் பெரும்பாலும் ஒன்றிரண்டு ஜூல்தான். விதியை எழுத்துப்படி படித்தால் மாட்டிக்கொள்வது இதுதான். துளை பெரிதாம்!

சரி, துளையையாவது அளந்தார்கள். துப்பாக்கியின் முகத்தைப் பார்த்தார்களா? சென்னைப் புறநகர் நூம்பலிலிருந்து சினிமா ஆர்ட் டிபார்ட்மென்ட் வேலைக்குப் போகும் பையன் யாரையாவது கேளுங்கள். பிளாஸ்டிக் பிஸ்டலின் நடுவே ஓடும் ஒட்டுக்கோட்டை உப்புத்தாளால் தேய்த்து எடுப்பான். மேலே மேட் கறுப்பு ஸ்ப்ரே. காய்ந்ததும் பென்சில் தூளைப் பஞ்சில் தொட்டுத் தேய்ப்பான், பிளாஸ்டிக் இரும்பாகிவிடும். உறையில் உரசித் தேய்ந்ததுபோல் விளிம்பில் மட்டும் துளி வெள்ளி. கைக்குக் கனம் வரப் பிடிக்குள் நாலு வாஷர். பொம்மை என்று காட்ட முனையில் ஆரஞ்சு நிறம் இருந்திருந்தால் முதல் பூச்சிலேயே போயிருக்கும். அருமையான வேலை, அவன்மேல் நமக்குக் கோபமில்லை. படம் முடிந்தபின் அந்தப் பிஸ்டல் யார் வீட்டு அலமாரிக்குப் போகிறது என்று கேட்காதவர்கள்மேல்தான் கோபம்.

1959 ஆயுதச் சட்டம் எழுதியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. சுட முடிந்தாலும் முடியாவிட்டாலும், பார்க்கத் துப்பாக்கிபோல் இருந்தாலே அது போலித் துப்பாக்கி என்று 6-ஆம் பிரிவில் விளக்கம் இருக்கிறது. ஆனால் போலிகளைப் பொறுத்தவரை அந்தப் பிரிவு தடுப்பது, உரிமம் இல்லாமல் போலியை நிஜமாக மாற்றுவதைத்தான். நிஜம்போலத் தோன்றவைத்தால் அதற்கு வேலையில்லை. அந்த ஓட்டையை அடைக்க 57 ஆண்டுகள் கழித்து வாய்ப்பு வந்தது. வந்தவர்கள் ஸ்கேலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

ஜப்பான் 1971-லேயே உலோக மாதிரிக் கைத்துப்பாக்கிகளுக்கு மஞ்சளோ வெள்ளையோ பூசச் சொன்னது. அமெரிக்கா 1988-ல் முனைக்கு ஆரஞ்சு நிறம் என்று சட்டம் போட்டது. அங்கேயும் 2014 நவம்பரில், கிளீவ்லாந்து பூங்காவில் ஏர்சாஃப்ட் பிஸ்டலோடு நின்ற 12 வயதுச் சிறுவனை, காரில் வந்து இறங்கிய போலீஸ்காரர் இரண்டே நொடியில் சுட்டார். பிஸ்டலின் ஆரஞ்சு முனை கழன்றிருந்தது. நமது 2016 விதிகளில் கழற்றுவதற்குக்கூட ஆரஞ்சு முனை கிடையாது.

நம் விதிகளை எழுதுபவர்கள் இப்படிக் கோட்டைவிடுவது புதிதல்ல. காற்றுத் துப்பாக்கிகளுக்கு உரிமம் வேண்டாம் என்று 1962-ல் விலக்குக் கொடுத்துவிட்டுத் தூங்கினார்கள். எழுப்ப 2011-ல் டெல்லி உயர் நீதிமன்றம் வர வேண்டியிருந்தது. 2019-ல் சட்டத்தையே திருத்தினார்கள். ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பதை இரண்டாகக் குறைத்தார்கள். எண்ணத் தெரிகிறது, அளக்கத் தெரிகிறது. ராத்திரி ரோந்துக் காவலர் கண்ணுக்கு என்ன தெரியும் என்பது மட்டும் அந்த அறைகளில் யாருக்கும் தோன்றுவதில்லை. ஒருநாள் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நின்று பார்த்திருந்தால் தோன்றியிருக்கும்.

தோற்றத்துக்கும் விதி வேண்டும். நிறமா, முத்திரையா, பதிவேடா என்பதை விவரம் தெரிந்தவர்களைக் கூப்பிட்டுக் கேட்கட்டும், முதலில் கேட்கட்டும்.

அதுவரை நூம்பல் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள்: ஷூட்டிங் முடிந்து பேக் பண்ணும்போது, முனையில் கொஞ்சம் ஆரஞ்சைத் தீட்டி வைத்துவிடுங்கள்.