கூத்தை வெட்டுவோரும் பூட்டுவோரும்

மட்டக்களப்பு நாட்டுக்கூத்து காலத்தோடு மாறவேண்டுமா, அன்றித் தன் பழைய வேருக்கே திரும்பவேண்டுமா என்னும் வழக்கு அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவருகிறது. வாதி, பிரதிவாதி இரு தரப்பாரும் பெரும்பாலும் படித்தவர்கள். வழக்கில் சிக்கிய சொத்துக்கு உரியவரான அண்ணாவியாரைச் சாட்சிக் கூண்டுக்கேனும் அழைத்தவர்கள் மிகச் சிலர். வாழைச்சேனைக்கு வடக்கே, வாகரைக்குப் போகும் வழியிலுள்ள மாங்கேணியில் இருந்து இதனை எழுதும் நாம் எத்தரப்புக்கும் வக்காலத்து வாங்கவில்லை. ஆயினும் நடுநிலை என்ற திரைக்குப் பின்னே ஒளிந்துகொள்ளவும் எமக்கு விருப்பமில்லை.

முதலில் மாற்றம் வேண்டியவர்களின் கதையைப் பார்ப்போம். 1956இல் சரச்சந்திர 'மனமே' நாடகத்தை அரங்கேற்றியபோது சிங்கள நாடக உலகம் புதுவழி கண்டது. அந்த எழுச்சி பேராதனையில் தமிழ் கற்பித்த சு. வித்தியானந்தனையும் தொட்டது. கிராமத்தார் விடிய விடிய ஆடிய கூத்தை 'நாகரிகமற்றது' என்று படித்த தமிழர் முகஞ்சுளித்து ஒதுக்கிய காலம் அது. அவர் அண்ணாவிமாரைத் தேடிப் போனார். பல்கலைக்கழக மாணவரைக் காலில் சதங்கை கட்டவைத்தார். 1962இல் 'கர்ணன் போர்', 1963இல் 'நொண்டி நாடகம்', 1964இல் 'இராவணேசன்' எனப் பேராதனையிலிருந்து கூத்துகள் புறப்பட்டன. இராவணேசனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் இத்துறையின் ஆராய்ச்சியாளராகவும் நெறியாளராகவும் வளர்ந்தார். கூத்தாடுவது இழிவு என்று பிள்ளைகளைத் தடுத்த வீடுகளில், "கம்பசில் ஆடுகிறார்களாம்" என்ற ஒரு சொல் எத்தனை பூட்டுகளைத் திறந்திருக்கும்! இந்தப் பணியைச் சிறுமைப்படுத்துகிறவர்கள் நன்றி மறந்தவர்கள்.

ஆனால் அதற்குக் கொடுத்த விலை என்ன? ஊர் நடுவே, நாற்புறமும் சனம் சூழ்ந்திருக்க ஆடிய வட்டக்களரி, ஒரு பக்கம் மட்டுமே கண் திறந்த படச்சட்ட மேடையாயிற்று. ஓர் இரவு முழுவதும் நீண்ட ஆட்டம் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாகச் சுருங்கிற்று. நகரத்து இரசிகரின் கடைசி பஸ்ஸுக்குக் கூத்து கீழ்ப்படிந்தது என்று சொன்னால் அது முழுவதும் பகிடியன்று. சுருக்கியது குற்றமென்று நாம் சொல்லவில்லை. சுருக்கப்பட்ட கூத்து பட்டணத்து மண்டபங்களில் கைதட்டல் பெற்றுக்கொண்டிருந்த வேளையில், அது பிறந்த ஊர்களின் களரிகள் ஒன்றொன்றாக இருண்டுபோவதை அதே அக்கறையோடு பார்த்தோர் எத்தனை பேர் என்றே கேட்கிறோம்.

இக்கேள்வியிலிருந்தே மறுதரப்பு எழுந்தது. 2000களின் தொடக்கத்தில் சி. ஜெயசங்கரும் அவரோடு இயங்கியோரும் மட்டக்களப்பின் சீலாமுனையில், ஊர் மக்களோடு ஊருக்குள்ளேயே இருந்து 'கூத்து மீளுருவாக்கம்' என்னும் முயற்சியை நடத்தினர். கூத்தைச் சமூகத்திலிருந்து பிடுங்கி மேடையில் நடவேண்டாம், ஆடுவோரும் பார்ப்போரும் கூடிப் பேசித் தாமே மாற்றட்டும் என்பது அவர்கள் நிலைப்பாடு. எமது மனம் இதன் பக்கம் பெரிதும் சாய்கிறது. ஆனால் ஒரு நல்ல கருத்து பத்துப் பேர் வாயில் புகுந்து வெளிவரும்போது சுலோகமாகிவிடுகிறது. 'மூலத்துக்குத் திரும்பு' என்று இன்று முழங்குவோரிற் பலர் சீலாமுனையின் உழைப்பை விட்டுவிட்டார்கள். ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கரப்புடுப்பின் ஓர் இழை மாறினாலும், வரவுத் தருவில் ஓர் அடி குறைந்தாலும் 'போயிற்று, போயிற்று' என்று அலறுகிறார்கள். இவர்களுக்குக் கூத்து என்பது பெட்டியில் வைத்துப் பூட்டவேண்டிய பாட்டியின் தாலி.

எது மூலம் என்று இவர்களைக் கேட்போம். தீப்பந்தத்தின் ஒளியில் ஆடியதா, பெற்றோமாக்ஸ் விளக்கின் கீழ் ஆடியதா, மின்விளக்கின் கீழ் ஆடியதா? ஓலை ஏட்டைப் பார்த்துச் சட்டங்கொடுத்த அண்ணாவியாரா, அப்பியாசக் கொப்பியில் எழுதிவைத்துக் கொடுத்தவரா? பாரதப் போரை ஆடிய அதே கலையே கத்தோலிக்கர் கையில் மூவிராசரையும் ஞானசௌந்தரியையும் ஆடிற்று. கரையோரத்துக் கத்தோலிக்கத் தமிழரின் கூத்திலிருந்து சிங்கள 'நாடகம' வடிவம் முளைத்தது என்பர் ஆராய்ந்தோர். அந்த நாடகமவிலிருந்தே சரச்சந்திர 'மனமே'யை வடித்தார். அந்த 'மனமே'யைக் கண்டே தமிழர் தம் கூத்தை மீண்டும் ஏறெடுத்துப் பார்த்தனர். தமிழிலிருந்து சிங்களத்துக்கும் சிங்களத்திலிருந்து தமிழுக்குமாக இப்படிச் சுற்றிவந்த ஒன்றின் வேரை எந்த முற்றத்தில் தோண்டுவது? இவ்விடத்தில் இனத் தூய்மை பேசுவோர் சற்று மௌனம் காப்பது அவர்களுக்கே நல்லது.

இந்த நோய் எமக்கு மட்டும் உரியதன்று. 1965இல் அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டுப்பாடல் விழாவில் பொப் டிலான் மின்கித்தாருடன் மேடையேறியபோது, மரபைக் காட்டிக்கொடுத்தான் என்று கூச்சலிட்டவர்கள் உண்டு. இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவோ எதிர்த் திசையில் நடந்தது. ஒலிப்பதிவுக்கூட வித்தைகளில் உச்சம் தொட்டபின், 1969 ஜனவரியில் 'பழையபடி நால்வரும் நேருக்கு நேர் வாசிப்போம்' என்று தொடங்கினார்கள். 1970இல் அந்தப் பதிவு இசைத்தட்டாக வெளிவந்தபோது குழு உடைந்துபோயிருந்தது. வேருக்குத் திரும்பிய பாட்டுகளிற் சிலவற்றின் மேல் வேறொருவர் வயலின் கூட்டத்தையும் பாடகர் கூட்டத்தையும் பூசியிருந்தார்! கோடிக்கணக்கில் பணம் புரளும் றொக் குழுவுக்கே திரும்பிப் போகும் வழி தெரியவில்லை. ஆனால் ஒரு வேற்றுமை. மாறுவதா திரும்புவதா என்று அவர்கள் தாமே முடிவுசெய்தார்கள், தவறினாலும் அது அவர்களது தவறு. எமது அண்ணாவியாருக்கோ அந்த உரிமையும் இல்லை.

வேர் வேர் என்று உருகுவோர் அந்த வேரைச் சுற்றியுள்ள மண்ணையும் கிளறிப் பார்க்கட்டும். எல்லா ஊர்க் களரியும் எல்லோருக்கும் திறந்திருந்ததா? அரசனாக ஆட எவன் தகுதியுடையவன் என்பதைக் குரல்வளமும் கால்வலிமையும் மட்டுமா தீர்மானித்தன? பறைமேளக் கூத்தை ஆடியவர்களின் கலையைக் கலையென ஒப்புவதற்கே எமது கற்றறிந்த சமூகத்துக்கு எத்தனை காலம் வேண்டியிருந்தது! அல்லியையும் சுபத்திரையையும் ஆண்களே ஆடினார்கள்; பெண்ணுக்குப் பார்வையாளர் பாயில் மட்டுமே இடம். இந்த மூலத்துக்கா திரும்பச் சொல்கிறீர்கள்? மாட்டோம். 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் ஒடுக்கப்பட்டோர் உள்ளே நுழையும் உரிமை கோரி நின்ற காலத்தை ஒட்டி, என்.கே. ரகுநாதனின் 'கந்தன் கருணை' கூத்து வடிவில் மக்கள் முன் வந்தது. 1969இல் மௌனகுருவின் 'சங்காரம்' வடமோடி ஆட்டத்தைக் கொண்டே சாதி, வர்க்க அரக்கரை உழைப்பாளர் வீழ்த்துவதைக் காட்டிற்று. தாளக்கட்டு பழையது, பகைவன் புதியவன். அதனால் மத்தளம் கிழிந்துவிடவில்லை.

அப்படியானால் மாற்றமே சரி என்று முடித்துவிடலாமா? அங்கேதான் எமது சண்டை தொடங்குகிறது. கூத்தின் உயிர் உடுப்பிலும் இல்லை, அதன் நீளத்திலும் இல்லை. அது ஊரின் உழைப்பில் இருக்கிறது. வேளாண்மை வெட்டி முடிந்தபின் சட்டங்கொடுத்து, மாதக்கணக்கில் இரவிரவாகப் பழகி, சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து, அரங்கேற்றி, பின் வீட்டுக்கு வீடு ஆடி முடிப்பதற்கு ஒரு பருவமே கழிந்துவிடும். உழவனும் மீனவனும் அந்தப் பருவத்தைத் தம் ஓய்விலிருந்து கொடுத்தார்கள். இன்று அந்த ஓய்வு எங்கே? போர் 2006 இறுதியில் வாகரைப் பக்கத்து ஊர்களைக் காலியாக்கியது. அதற்கு இரண்டு வருடம் முன்னே 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து போயிருந்தது. போர் ஓய்ந்தபின் திரும்பிவந்த இளைஞன் கடனோடு வந்தான். அவன் இப்போது கட்டாரில் இருக்கிறான், அல்லது போவதற்குக் கடவுச்சீட்டு எடுத்துக்கொண்டிருக்கிறான். மாதக்கணக்கில் மத்தளத்தின் முன் நிற்க அவனால் முடியாது. 'மாறு' என்கிறவர்க்கும் 'திரும்பு' என்கிறவர்க்கும் இந்த இளைஞனைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

நாம் கண்ட ஒன்றைச் சொல்லுகிறோம். ஒரு பாடசாலை, போட்டிக்காக முதிய அண்ணாவியார் ஒருவரை அழைத்தது. பொழுது சாய்ந்தபின் துவிச்சக்கர வண்டியில் வந்து ஐந்து வாரம் பழக்கினார். பெண் பிள்ளைகளும் ஆடுவார்கள் என்றபோது, 'வேர்' பேசும் ஆசிரியர் ஒருவர்தான் தயங்கினார். அண்ணாவியார் தயங்கவில்லை, சிறுமியரின் காலுக்கேற்ற சதங்கையைத் தேடிக்கொண்டிருந்தார். நேரக் கட்டுப்பாடு வந்து, இன்னும் வெட்டுங்கள் என்று பொறுப்பாளர் சொன்னார். "எதை வெட்டச் சொல்லுறீங்க தம்பி, கையையா காலையா?" என்று கேட்டார் கிழவர். பின் தாமே உட்கார்ந்து, இரண்டு வரவுகளைப் பிணைத்து, கதை அறுபடாமல் சுருக்கிக் கொடுத்தார். அது அவருக்குத் தெரிந்த தொழில். எங்கே வெட்டினால் இரத்தம் வராது என்பதை அவர் அறிவார். பரிசு கிடைத்தது. பத்திரிகைப் படத்தில் அதிபர் நின்றார், அதிதி நின்றார். அண்ணாவியாருக்கு ஒரு பொன்னாடை. ஐந்து வாரத்து வண்டிக்கூலியை எவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஆசிரியத் தோழர்களே, மாணவ நண்பர்களே! அடுத்த கருத்தரங்கில் கூத்தின் எதிர்காலம் பற்றிக் கட்டுரை படிக்க எழுமுன் இதைக் கேளுங்கள்: நாட்டியம் பழக்குபவருக்குப் பாடசாலையில் நியமனமும் சம்பளமும் உண்டு, கூத்துப் பழக்குபவருக்கு ஏன் இல்லை? பாடவேளையில் கூத்துக்கு வாரம் இரண்டு மணி நேரம் ஏன் இல்லை? எந்த வரவை வைப்பது, எதை விடுவது என்ற முடிவு அண்ணாவியாரிடமும் ஆடுகிற பிள்ளைகளிடமும் ஏன் இல்லை? இம்மூன்றையும் கேட்டு மனு எழுதுவதானால் எமது கையெழுத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எமது அண்ணாவியாரோ இம்மாதமும் அந்தப் பாடசாலைக்கு வந்துகொண்டிருக்கிறார். வண்டியின் பின் சில்லுக்குப் புது டயர் போடவேண்டியிருக்கிறது.