பழுதான யந்திரமும் பாழாகும் நாடாக்களும்

கொல்லிமலை அடிவாரத்திலுள்ள சேந்தமங்கலத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் பரண்மீது கிடக்கும் பழைய வீடியோ நாடாக்களைப் பற்றி நாம் எழுதுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். அவற்றில் இருப்பவை கல்யாணக் காட்சிகள் மட்டுமல்ல. ஆடிப் பதினெட்டின் ஜனக் கூட்டமும், விடிய விடிய நடந்த தெருக்கூத்தும், தேர்தல் மேடைப் பிரசங்கங்களும் அவற்றில் அடங்கியிருக்கக்கூடும். சிறை சென்ற தியாகி ஒருவர் தம் சரித்திரத்தைத் தம் வாயாலேயே சொல்லும் நாடா எவர் வீட்டிலேனும் இருக்குமாயின், அவர் காலமான பின் அதற்கு ஈடாக எதைக் கொடுப்பது? 1931-ல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமாகிய 'காளிதாஸ்' பிரதி ஒன்றுகூட இன்று நம்மிடம் இல்லை. அந்த அவமானம் ஒன்றே போதும்.

1976-ல் ஜப்பானில் ஜே.வி.ஸி. கம்பெனியார் வெளியிட்ட வி.எச்.எஸ். யந்திரத்தைக் கடைசிவரை செய்துவந்த ஃபுனாய் கம்பெனியும் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆகவே, இருக்கும் யந்திரத்தைச் செப்பனிடுவதே கதி. 2025-க்குள் டிஜிட்டல் முறைக்கு மாற்றாத நாடாக்களில் பெரும்பகுதியை இழக்க நேரிடும் என்று ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகம் 2015-லேயே எச்சரித்தது. அந்தக் கெடுவும் வந்துவிட்டது.

செப்பனிடுவது அசாத்தியமான காரியமன்று. தளர்ந்துபோன ரப்பர் பெல்ட், இறுகிப்போன பிஞ்ச் ரோலர், வீங்கிய கண்டென்ஸர் ஆகியவையே பெரும்பாலும் கோளாறுக்குக் காரணம். நிமிஷத்துக்கு 1,500 தடவை சுழலும் உருளையிலுள்ள 'ஹெட்' என்னும் நுண்ணிய உறுப்பில்தான் ஜாக்கிரதை வேண்டும். அதைப் பஞ்சினால் மேலும் கீழுமாகத் தேய்ப்பவர் யந்திரத்துக்குச் சத்துரு. ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய தோல் துண்டை அசையாமல் பிடித்துக்கொண்டு, உருளையைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். பூஞ்சணம் பிடித்த நாடாவைச் சுத்தம் செய்யாமல் உள்ளே செலுத்தினால் அந்த அழுக்கு மற்ற நாடாக்களுக்கும் பரவும். முதலில் வேண்டாத நாடா ஒன்றை ஓட்டிப் பார்ப்பதே விவேகம்.

எப்படியோ மாற்றினால் போதாதா, தரம் எதற்கு என்று கேட்போரும் உளர். நமது தேசத்து முறையில் ஒரு விநாடிக்கு 25 படங்கள். ஒவ்வொன்றும் இரண்டு பாதிகளாகப் பதிவாகிறது. மலிவான கருவிகள் ஒரு பாதியைத் தள்ளிவிடுவதுண்டு. அப்பொழுது கூத்தாடியின் அடவு தடுக்கித் தடுக்கித்தான் தெரியும். நடுங்கும் படத்தை நிலைப்படுத்தும் கருவியைச் சேர்த்து, முதற் பிரதியைச் சுருக்காமல் முழு அளவிலேயே எடுத்து வைப்பது முறை. அவசரமாக வட்டுக்கு மாற்றிவிட்டு நாடாவைக் குப்பையில் எறிந்த குடும்பங்களுக்குத் திரும்பிச் செல்ல வழியே இல்லை.

இவ்விஷயத்தில் சர்க்காரைப் பெரிய தொகை எதுவும் கேட்கவில்லை. நாமக்கல்லிலுள்ள மாவட்ட மைய நூலகத்தில், செப்பனிட்ட யந்திரங்கள் இரண்டையும், இந்தத் தொழிலில் கைபழகிய பழைய டி.வி. மெக்கானிக் ஒருவரையும் வைத்தால் போதுமானது. அவர்களிடமுள்ள வித்தையை வாலிபர்கள் இப்பொழுதே கற்காவிட்டால், நாளை யந்திரம் கிடைத்தாலும் அதைத் திறக்க ஆள் இராது. அதுவரை நாடாக்களை ஈரமும் வெயிலும் படாத இடத்தில் நிறுத்தி வைக்கும்படியும், மூலையில் கிடக்கும் யந்திரத்தைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதிருக்கும்படியும் சேந்தமங்கலத்து அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.