தைலமரம்னா எந்த மரம்?

கடமலைக்குண்டு பக்கம் போய் யூகலிப்டஸ் என்று சொல்லிப் பாருங்கள். "தைலமரமா?" என்று திருப்பிக் கேட்பார்கள். அதில் தப்பே இல்லை, ஊர்வழக்கு அப்படித்தான். ஆனால் படித்தவர்களும் அதிகாரிகளும் அதே ஒற்றைப் பெயரை வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுதுகிறார்களே, அதுதான் தப்பு!

யூகலிப்டஸ் என்பது ஒரு பேரினம். 1788-ல் லெரித்தியே என்ற பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர். மொட்டின் மேல் மூடி இருப்பதால் 'நன்றாக மூடியது' என்ற பொருளில் வைத்தார். அதற்குள் 700 சிற்றினங்களாவது இருக்கின்றன.

ஊட்டித் தைலம் தருவது குளோபுலஸ். 1843-ல் நீலகிரிக்கு வந்தது, அதற்குக் குளிர்ந்த மலைதான் ஒத்துவரும். சமவெளியில் காகிதக் கூழுக்காக நடுவது பெரும்பாலும் டெரிடிகார்னிஸ், கமால்டுலென்சிஸ். முன்னதன் மேல் உள்ள குற்றச்சாட்டு, மலையின் புல்வெளிகளை விழுங்கியது. பின்னவற்றின் மேல் உள்ளது நிலத்தடி நீர் வழக்கு. இரண்டையும் ஒரே கூண்டில் ஏற்றினால் எப்படி நியாயம் கிடைக்கும்?

கர்நாடகத்தில் இந்தக் கூத்து இன்னும் அதிகம். அங்கே சமவெளி மரத்துக்கும் பெயர் 'நீலகிரி'! 2017-ல் அந்த மாநில அரசு யூகலிப்டஸ் நடுவதற்கே தடை போட்டது.

இதைவிட மோசமான பெயர் 'யூகலிப்டஸ் ஹைபிரிட்'. மைசூர்ப் பக்கமிருந்து நாடெங்கும் பரவிய மரத்துக்கு வனத்துறையினர் பல வருடம் சொன்ன பெயர் அது. கலப்பினம் என்றால் எதற்கும் எதற்கும் கலப்பு? அப்பா அம்மா பெயர் தெரியாமலே ஒரு சான்றிதழ்! பிறகு ஆராய்ந்தவர்கள், அது பெரும்பாலும் டெரிடிகார்னிஸ்தான் என்றார்கள்.

"விஞ்ஞானிகளே பெயரை மாற்றிக்கொண்டுதானே இருக்கிறார்கள்?" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். எலுமிச்சை வாசனை வீசும் சிட்ரியோடோராவை 1995-ல் ஹில், ஜான்சன் இருவரும் கோரிம்பியா என்ற தனிப் பேரினத்துக்கு மாற்றினார்கள். 2000-ல் புரூக்கர் அதைத் திரும்ப யூகலிப்டஸுக்குள் சேர்த்தார். ஆனால் இவர்கள் காரணத்தை எழுதி வைத்துவிட்டு மாற்றினார்கள், யார் வேண்டுமானாலும் மறுக்கலாம். 'ஹைபிரிட்' என்று எழுதியவர்களிடம் மறுப்பதற்குக்கூட ஒரு காரணம் கிடையாது.

மூல வைகையில் தண்ணீர் வருவதைப் பார்த்து வெள்ளாமை வைக்கும் ஊரில் இது வெட்டிப் பேச்சு இல்லை. நட்ட மரம் பல வருடம் நிற்கும், அதன் வேர் பக்கத்துக் கிணற்றுக்காரரையும் பாதிக்கலாம். நாற்று வாங்கப் போகிறவர் விலையைக் கேட்பதற்கு முன்னால் பெயரைக் கேட்கட்டும். "தைலமரந்தான்" என்று மட்டும் பதில் வந்தால், சும்மா திரும்பி வருவதே மேல்!